நிவோலுமாப் 20 மில்லிகிராம் போதுமா? பெரியப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மேலூர்க்காரன்:

என் பெரியப்பாவுக்கு 61 வயசு. கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய் வந்து ஆபரேஷன் செய்து, அப்புறம் கரண்டும் வைத்தார்கள். இப்போது அதே பக்கம் கழுத்தில் மறுபடி கட்டி. இனி ஆபரேஷன் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மெத்தோட்ரெக்சேட், செலிகாக்ஸிப், எர்லோட்டினிப் என்று மூன்று மாத்திரை, அதோடு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நிவோலுமாப் என்கிற இம்யூனோதெரபி மருந்து 20 மில்லிகிராம் போடலாம் என்கிறார் டாக்டர். நெட்டில் தேடினால் எங்கே பார்த்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் என்றுதான் இருக்கிறது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், "இது பணம் இல்லாதவங்களுக்குக் குடுக்குற கண்துடைப்பு, நிலத்தை வித்தாவது முழு டோஸ் போடுவோம்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இருக்கிறதே ஒன்றரை ஏக்கர். 20 மில்லிகிராமுக்கு உண்மையிலேயே ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?

ஆய்வகத்துக்காரி:

சகோ, கீமோ மாதிரி நினைத்துப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கீமோ நேராகப் புற்றுச் செல்லைக் கொல்லும் மருந்து, அங்கே அளவைக் குறைத்தால் அடியும் குறையும். நிவோலுமாப் புற்றுச் செல்லைத் தொடுவதே இல்லை. அது போய் ஒட்டிக்கொள்வது நம்முடைய டி செல்லின் (நோயோடு சண்டை போடும் ஒரு வகை வெள்ளை அணு) மேல் இருக்கும் பிடி-1 என்ற ஏற்பியில், அதாவது வெளியிலிருந்து வரும் சைகையை வாங்கும் புரதத்தில். டி செல் எல்லை மீறி நம் உறுப்புகளையே தாக்காமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் பிரேக் அது. 1992-இல் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் கண்டுபிடித்தது, 2018-இல் ஜேம்ஸ் அலிசனோடு சேர்த்து அவருக்கு நோபல் கொடுத்தார்கள். புற்றுச் செல் பிடி-எல்1 என்ற புரதத்தைத் தன் மேல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் வரும் டி செல்லின் அந்த பிரேக்கை அழுத்திவிடுகிறது. மருந்து ஏற்பியை மூடிவிட்டால் அழுத்த முடியாது, அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கான விஷயம் இங்கேதான் வருகிறது. ஏற்பிகள் எல்லாம் மூடிய பிறகு மிச்ச மருந்துக்குப் போய் ஒட்ட இடம் இல்லை. இந்த மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வந்தது. கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் முதல் 10 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள், எந்த அளவிலும் ரத்தத்து டி செல்களின் பிடி-1 ஏற்பிகளில் சராசரியாக 70 சதவீதத்துக்கு மேல் இரண்டு மாதத்துக்கும் அதிகமாக மூடியே இருந்தன. பெரியப்பா 50 கிலோ என்றால் 20 மில்லிகிராம் என்பது கிலோவுக்கு 0.4. ஆக டாக்டர் ஏதோ கைக்கு வந்த கணக்கைச் சொல்லவில்லை.

வார்டு டாக்டர்:

மேலே சொன்னது சரி, ஆனால் ரத்தத்தில் ஏற்பி மூடியது என்பதாலேயே நோயாளி கூடுதல் நாள் இருப்பார் என்று ஆகிவிடாது. அதைத் தனியாகக் காட்ட வேண்டும். காட்டியது மும்பை டாட்டா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி. உங்கள் பெரியப்பா மாதிரி தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியோ திரும்பியோ வந்த 151 பேர். பாதிப் பேருக்கு அதே மூன்று மாத்திரை மட்டும், மீதிப் பேருக்கு மாத்திரையோடு 20 மில்லிகிராம் நிவோலுமாப். ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 16.3 சதவீதம், இரண்டாவதில் 43.4 சதவீதம். கடுமையான பக்கவிளைவும் கூடவில்லை.

மறைக்காமல் சொல்கிறேன், ஊசி போட்டவர்களிலும் பாதிக்கு மேல் ஒரு வருஷத்தைத் தாண்டவில்லை. சிலருடைய கட்டிக்குள் டி செல்லே நுழைந்திருக்காது, சிலருக்கு நுழைந்தாலும் அடக்கி வைக்கும் வேறு செல்கள் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் (2025 நோபல் அந்த அடக்கும் டி செல்களைப் பற்றியதுதான்). அங்கெல்லாம் பிரேக்கை எடுத்தும் பெரிய பயன் இல்லை, அது 20 என்றாலும் 240 என்றாலும். இன்னொன்று, அந்த ஆய்வு 20-ஐ 240-ஓடு மோதவிடவில்லை. எனவே இரண்டும் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிலத்தை விற்று முழு டோஸில் ஆரம்பித்து, நாலு தடவை போட்டபின் பணம் தீர்ந்து நிறுத்தும் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விடாமல் போட முடிகிற டோஸைத் தேர்ந்தெடுங்கள், அண்ணனிடமும் இதைச் சொல்லுங்கள்.

சேலத்து மருமகள்:

எங்கள் மாமனாருக்கு இதே மருந்துகள்தான் போகிறது. சில நடைமுறை விஷயங்கள் சொல்கிறேன் தம்பி. நிவோலுமாப் சின்னக் குப்பியில் 40 மில்லிகிராம் இருக்கும், உங்களுக்குத் தேவை பாதி. திறந்த குப்பியை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த தடவைக்குப் போட முடியாது. அதனால் எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு நோயாளிகளை ஒரே நாளில் வரச் சொல்லி ஒரு குப்பியைப் பங்கிட்டுப் போடுகிறார்கள், செலவும் பாதியாகிறது. உங்கள் இடத்தில் அப்படிச் செய்வார்களா என்று முதலில் கேளுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. மூன்று மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். நாங்கள் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறோம், மாத்திரை அட்டை என் பீரோவில் இருக்கும், நானே எடுத்துக் கொடுப்பேன். எர்லோட்டினிப்பால் முகத்தில் பரு மாதிரி கிளம்பும், பயப்பட வேண்டாம், டாக்டரிடம் காட்டினால் களிம்பு தருவார். ஆனால் விடாத வயிற்றுப்போக்கு, வறட்டு இருமல், மூச்சு வாங்குவது இதில் எது வந்தாலும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது, உடனே கூட்டிப் போகணும். பிரேக் இல்லாத டி செல் குடலையோ நுரையீரலையோ தாக்குவதாக இருக்கலாம், சீக்கிரம் போனால் ஸ்டீராய்டில் அடக்கிவிடுவார்கள். ஊசியை நிறுத்தி மாதங்கள் கழித்தும் வரலாம். தைராய்டும் பார்த்துக்கொண்டே இருக்கணும்.

மேலூர்க்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அண்ணனுக்கு முழுசையும் படித்துக் காட்டினேன், டாக்டரிடம் சேர்ந்து போய்ப் பேசச் சம்மதித்துவிட்டார். இன்னும் ஒரு கேள்வி. சொந்தக்காரர் ஒருவர் எதிர்ப்புச் சக்தி பவுடர் ஒன்று கொண்டு வந்து கொடுத்திருக்கிறார், இதுவும் இம்யூனோதெரபியும் ஒன்றுதான் என்கிறார். சேர்த்துக் கொடுக்கலாமா?

ஆய்வகத்துக்காரி:

ஒன்றே இல்லை. எந்தப் பவுடரும் பிடி-1 ஏற்பியை மூடாது. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடி கல்லீரலைக் கெடுத்தால், அது மருந்தால் வந்ததா பொடியால் வந்ததா என்று டாக்டருக்கே புரியாமல் ஊசியை நிறுத்த வேண்டி வரும். கொடுக்காதீர்கள். அதற்குப் பதில், பழைய ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்த பிளாக் ஆஸ்பத்திரி நோயியல் பிரிவில் இருக்கும், அதிலேயே பிடி-எல்1 பரிசோதனை செய்யலாமா, அவருக்கு அது அவசியமா என்று டாக்டரைப் பார்க்கும்போது கேளுங்கள்.