கைசர் காலத்துச் சுடுதிறன் பேட்ஜ்கள்: கையில் எடுத்துப் பார்த்த அனுபவங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் இருப்பது ஸ்டுட்கார்ட்டில். 1918க்கு முந்தைய ஜெர்மன் ராணுவத்தின் சுடுதிறன் பேட்ஜ்களைச் சேர்த்து வருகிறேன். இதைத் தமிழில் பேச ஆள் கிடைப்பது அபூர்வம், அதனால் நானே தொடங்குகிறேன். உங்கள் கைக்கு வந்தவற்றைப் பற்றியும் எழுதுங்கள்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். ஜெர்மன் பேரரசர், அதாவது கைசர், இரண்டாம் வில்ஹெல்ம் 1894இல் கொண்டுவந்தது தனி வீரனுக்கான சுடுதிறன் கயிறு. வலது தோளிலிருந்து மார்புப் பித்தானுக்கு வரும் பின்னல், ஜெர்மன் பேரரசின் கறுப்பு, வெள்ளை, சிவப்பில். மறுபடி மறுபடி தகுதி பெற்றவனுக்குக் கயிற்றில் ஓக் காய் போன்ற குஞ்சங்கள் கூடும். பீரங்கிப் படையில் அந்த இடத்தில் குண்டு வடிவம். அடுத்த ஆண்டு, 1895இல் வந்தது கைசர் பேட்ஜ். ஒரு ஆர்மி கோரிலேயே (பல ரெஜிமென்ட்கள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு) சிறப்பாகச் சுட்ட கம்பெனி எதுவோ, அந்தக் கம்பெனியே அதை அணியலாம். வலது மேல்கையில் தைக்கப்படும்: இலை வளையம், மேலே கிரீடம், நடுவே குறுக்காக இரண்டு துப்பாக்கி. கயிறு ஒருவனுடைய கண்ணுக்கும் கைக்கும் கிடைத்தது, பேட்ஜ் ஒரு கம்பெனிக்கே கிடைத்தது. விற்பவர்கள் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாக்கித்தான் கதை சொல்கிறார்கள்.

பெர்லினில் 'ஜூன் 17 சாலை'யில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையில் ஒரு கயிற்றைக் காட்டி "கைசர் காலத்துப் பொருள்" என்றார் ஒருவர். சாம்பல் வெள்ளியாக மின்னும் அலுமினிய இழைப் பின்னல், மேலே கேடயம் போன்ற உலோகத் தகடு. அதில் இருந்த கழுகின் காலடியை அரம் போட்டு ராவியிருந்தார்கள். இப்படித் தகடு வைத்த அலுமினியக் கயிறு 1936இல் வேர்மாக்ட், அதாவது ஹிட்லர் காலத்து ஜெர்மன் ராணுவம், கொண்டுவந்தது. காலடியில் இருந்த ஸ்வஸ்திகா சின்னம் இன்றைய ஜெர்மனியில் பொதுவில் காட்டத் தடை செய்யப்பட்டது, அதனால்தான் அரம். கைசர் காலச் சின்னங்களுக்கு அப்படித் தடை இல்லை. இன்றைய ஜெர்மன் ராணுவமும் ஒரு சுடுதிறன் கயிறு கொடுக்கிறது, ஜெர்மனியில் இருக்கும் அமெரிக்க வீரர்கள்கூட அதை வாங்குகிறார்கள். அதையும் சந்தையில் 'பழசு' என்று விற்பவர்கள் உண்டு.

இதற்கு நேர்மாறாக, காஸ்ஸல் பக்கம் ஒரு கிராமத்து வீட்டைக் காலி செய்யும்போது ஒன்று பார்த்தேன். காஸ்ஸல், ஜெர்மன் பேரரசின் மிகப் பெரிய அரசான பிரஷ்யாவின் 11ஆம் ஆர்மி கோருக்குத் தலைமையிடம். தையல் பெட்டியில் ஊசி நூலோடு கிடந்தது, கரு நீலச் சட்டைக் கையிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. மேலே பித்தளை பேட்ஜ். என் கை உடனே திருப்பிப் பார்க்கத்தான் போனது. முன்பக்கம் மேடாக இருந்த ஒவ்வொரு இலையும் பின்பக்கம் பள்ளமாக இருந்தது, மெல்லிய தகட்டை அச்சில் அடித்தால்தான் அப்படி வரும். வார்த்துச் செய்த போலியில் பின்பக்கம் மொட்டையாக இருக்கும், பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னக் காற்றுக் குழிகள் தெரியும், கிரீடத்தின் நுணுக்கமெல்லாம் மழுங்கியிருக்கும்.

ஆனால் என்னை நம்ப வைத்தது துணிதான். பேட்ஜின் விளிம்பை லேசாகத் தூக்கியதும் அடியில் நீலம் அப்படியே புதிதாக இருந்தது. வெளியே வெயிலில் நரைத்த நீலம். பித்தளை கம்பளியைத் தொட்ட இடங்களில் மட்டும் பச்சைக் களிம்பு. தேநீரில் முக்கிப் பழசாக்கினால் மறைவான இடத்திலும் கறை ஒரே மாதிரி ஏறும், இங்கே அப்படி இல்லை. புற ஊதா டார்ச்சில் தையல் நூல் ஒளிரவில்லை. துணியை வெளுப்பாக்கும் ஒளிர் ரசாயனங்கள் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய நூல். (இது ஒரு பக்கச் சோதனைதான். நிஜமான பழந்துணியையும் யாராவது இன்றைய சோப்புத் தூளில் துவைத்திருந்தால் நீலமாக ஒளிரும். ஒளிர்ந்தது என்பதற்காக மட்டும் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.)

உலோகத்தை விட்டுத் துணியிலும் காகிதத்திலும் தொடங்குங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். உலோகத்தைப் போலி செய்பவன் துணியின் அடிப்பக்கத்தை யோசிப்பதில்லை.

---

அண்ணா, நான் மியூனிக்கில் இருக்கிறேன். காகிதம் என்றீர்களே, என் கதை முழுக்க அதுதான்.

தெரேசியன்வீஸே மைதானத்தில் ஏப்ரலில் நடக்கும் பெரிய சந்தையில் இரண்டு பொட்டலங்கள். இரண்டிலும் ஒரு சுடுதிறன் சின்னம், ஒரு ராணுவக் கையேடு. சேவை முடித்த ஒவ்வொருவர் கையிலும் கொடுத்த சின்னப் புத்தகம் அது, எந்த ரெஜிமென்ட், எப்போது சேர்ந்தார், எந்தச் சுடும் வகுப்பில் இருந்தார் எல்லாம் அதில் உண்டு. ஒரு கையேட்டுக்காரர் 1915இல்தான் படையில் சேர்ந்திருக்கிறார். அவரோடு வைத்திருந்ததோ அமைதிக்காலப் போட்டியில் கம்பெனி வென்ற பேட்ஜ். போர் நடக்கும்போது சேர்ந்தவர் அந்தப் போட்டியில் எப்படிச் சுட்டிருப்பார்? தனித்தனியே வாங்கி ஒரே உறையில் போட்டிருக்கிறார்கள். பேட்ஜ் நிஜமாகவே இருக்கலாம், ஜோடி பொய்.

மற்றதை வாங்கினேன். அவர் பவேரியர் (மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட, பேரரசுக்குள் இருந்த இன்னொரு அரசு), அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று பிறகு புரிந்தது. பிரஷ்ய ராணுவத்தின் ஆவணங்கள் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் பொட்ஸ்டாம் மீது விழுந்த குண்டில் எரிந்து போயின. பவேரியாவுக்குத் தனி ராணுவ நிர்வாகம் இருந்ததால் அதன் ஆவணங்கள் இங்கே மியூனிக் போர் ஆவணக் காப்பகத்தில் தப்பிப் பிழைத்தன. முதல் உலகப் போர்க்கால வீரர் பதிவேடுகளை இணையத்திலேயே தேடலாம். பெயர், பிறந்த நாள், பெற்றோர், தொழில், மதம் வரை இருக்கிறது. என் ஆள் கையேட்டில் சொன்ன அத்தனையும் ஒத்து வந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிரஷ்யப் பொருள் வைத்திருப்பவர்கள் சோர வேண்டாம். 1920களில் பல ரெஜிமென்ட்கள் தங்கள் வரலாற்றை அச்சிட்டன. எந்த ஆண்டு எந்தக் கம்பெனி கைசர் பரிசு வாங்கியது என்று அவற்றில் பெருமையாக எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

---

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இந்த ஆர்வம் எம்டனால் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு நம் துறைமுகத்தில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல். உயர் நீதிமன்றச் சுவரில் நினைவுக் கல்லைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இணைய ஏலத்தில் "எம்டன் பீரங்கி வீரனுடையது" என்று ஒரு கைச் சின்னம் வந்தது. குறுக்காக இரண்டு பீரங்கி, இலை வளையம். விற்பவருக்கு எழுதிக் கேட்டேன்: பெயர் என்ன, கப்பல் பட்டியலில் எங்கே இருக்கிறார்? பதிலுக்கு வந்தது ஒரு குடும்பக் கதை, ஒரு காகிதம்கூட இல்லை. எம்டன் 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் அடிபட்டுக் கரையில் மோதி நின்றது. பிழைத்தவர்களில் பலர் கைதிகள். அப்படிப்பட்ட ஒருவரின் சட்டைக் கை வீடு வந்து சேர்ந்தது என்றால், அது வந்த வழியைச் சொல்லக் காகிதம் வேண்டாமா? எம்டன் பெயருக்காக மட்டும் விலை பல மடங்கு ஏறியிருந்தது. பொருளுக்கு விலை கொடுக்கலாம், கதைக்குக் கொடுக்க மாட்டேன் என்று விலகிவிட்டேன்.

---

தொடங்கியவனே மறுபடி வருகிறேன். சென்னைத் தம்பி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

பழைய ஸ்டூடியோ படங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சேகரிக்கும் எல்லாரும் பத்துப் படமாவது வாங்கி வையுங்கள், பேட்ஜை விட மலிவு. படத்தில் சின்னம் இடது கையில் தெரிந்தால் உடனே போலி என்று சொல்லாதீர்கள். இடுப்பு பெல்ட்டின் பக்கிளைப் பாருங்கள். பிரஷ்யப் பக்கிளில் 'காட் மிட் உன்ஸ்', பவேரியப் பக்கிளில் 'இன் ட்ரொயே ஃபெஸ்ட்'. எழுத்து தலைகீழாகக் கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால் படத்தையே திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, அந்தக் காலத்துப் படத்தகடுகளுக்குச் சிவப்பு சரியாகப் பதியாது. மூன்று நிறக் கயிறு படத்தில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டே நிறத்தில்தான் தெரியும், சிவப்பு இழை கறுப்போடு சேர்ந்துவிடும். "படத்தில் சிவப்பே இல்லை, இது வேறு கயிறு" என்று ஒரு நல்ல படத்தை ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும்.

மியூனிக் தம்பி, உங்கள் பவேரியர் படம் எதுவும் அந்தப் பொட்டலத்தில் இருந்ததா? இருந்தால் வலது தோளைப் பெரிதாக்கி இங்கே போடுங்கள். இங்கோல்ஸ்டாட்டில் பவேரிய ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போகும்போது அங்கே காட்சியில் இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து வருகிறேன்.