15 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ராப்: பழைய பாடல்களையும் சேர்த்துக் கேட்கும் நிறுவனத்துக்குக் கையெழுத்திடலாமா?

வில்லாபுரத்தான்:

அனைவருக்கும் வணக்கம். யோகி பி, நட்சத்திரா குழுவினரின் பாடல்கள் 2006-இல் மலேசியாவிலிருந்து இங்கு வந்து சேர்ந்தபோது, தமிழிலும் இப்படி எழுத முடியும் என்ற துணிச்சல் எங்களுக்கு வந்தது. மதுரையில் நண்பர்கள் மூவர் சேர்ந்து ராப் குழு தொடங்கினோம். செல்லூர்த் தறிகளைப் பற்றியும் மணல் அள்ளப்பட்ட வைகையைப் பற்றியும் எழுதி, சொந்தச் செலவில் பதிவு செய்து, குறுந்தட்டாகக் கல்லூரி விழாக்களில் விற்றோம். பிறகு திருமணம், கப்பலூரில் லேத் பட்டறை வேலை என்று வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டாலும் எழுதுவதை நான் விடவில்லை.

அண்மையில் எங்கள் பழைய பாடல் ஒன்று ரீல்ஸில் பரவியதைப் பார்த்து, பெரிய இசை நிறுவனமொன்றின் சென்னை அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். முன்பணம் தருவதாகச் சொல்கிறார்கள். ஆனால் ஆல்பம் வேண்டாமாம், தனிப்பாடல்கள்தானாம். ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும், 15 நொடிக்குள் ஹூக், அதாவது மனத்தில் ஒட்டிக்கொள்ளும் வரி, வந்துவிட வேண்டும், இளம் பாடகர் ஒருவர் உடன் பாட வேண்டும், வரிகளில் அரிவாள், காளை, மீசை என்று 'மதுரை மணம்' இருக்க வேண்டும் என்கிறார்கள். இவற்றோடு எங்கள் பழைய பாடல்களின் உரிமையையும் முழுமையாக எழுதித் தர வேண்டுமாம். அந்தப் பழைய பாடல்களில் சிலவற்றில் திரைப்பாடல்களின் இசைத்துணுக்குகள் உள்ளன. வெளிநாடுகளில் நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பி வந்த மூத்த ராப்பர்கள் இத்தகைய நெருக்கடியை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் முடிவெடுக்க உதவும்.

ஒலிக்கூடம், அண்ணா நகர்:

அண்ணனுக்கு வணக்கம். உங்கள் குறுந்தட்டைக் கேட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இந்தக் கேள்வியைப் படித்தவுடன் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் நிலைக்கு மிக நெருக்கமானவர்கள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துச் சகோதரர்களான கிளிப்ஸ் ராப் குழுவின் இருவர். 2002-இல் பெயர் வாங்கிய அவர்களுடைய அடுத்த ஆல்பம், நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்ததால் எழுந்த சிக்கலில் மாட்டிக்கொண்டு 2006-இல்தான் வெளிவந்தது. 2009-க்குப் பின் பிரிந்து, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சேர்ந்து ஆல்பம் செய்தபோது, அதில் ராப்பர் கென்ட்ரிக் லமார் பாடிய பகுதியை மாற்றும்படி நிறுவனம் வற்புறுத்தியதாகச் சகோதரர்களில் ஒருவரான புஷா டி வெளிப்படையாகவே சொன்னார். அவர்கள் வரியை மாற்றாமல், பெருந்தொகை கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து வெளியேறி, ராக் நேஷன் என்ற வேறு நிறுவனத்தின் வழியாக 2025 ஜூலையில் அதை வெளியிட்டார்கள். கொடுப்பதற்கு அவர்களிடம் பணம் இருந்தது. நம்மைப் போன்றவர்கள் வெளியேறும் வழியைக் கையெழுத்திடும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதற்காகப் பெரிய நிறுவனம் என்றாலே ஒதுங்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் என்ற அமெரிக்க ராப் குழு 18 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2016 நவம்பரில் வெளியிட்ட ஆல்பம், சோனி குழுமத்தின் எபிக் நிறுவனத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அது குழுவைச் சேர்ந்த க்யூ-டிப்பின் வீட்டு ஒலிக்கூடத்தில், பாடுபவர்கள் நேரில் வந்து உட்கார்ந்துதான் பதிவு செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தோடு உருவானது. குழுவின் ஃபைஃப் டாக் அவ்வாண்டு மார்ச்சிலேயே இறந்துவிட்டார். இருந்தும் அவர் குரலோடு வந்த அந்த ஆல்பம் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. மறுபக்கம் ராப்பர் ஜே-ஸியைப் பாருங்கள். 2003-இல் ஓய்வு அறிவித்து, டெஃப் ஜாம் இசை நிறுவனத்தின் தலைவராகவே அமர்ந்து, 2006-இல் புதிய ஆல்பத்தோடு அவர் திரும்பி வந்தார். அந்த ஆல்பமும் முதலிடம் பிடித்தது, ஆனால் 2013-இல் தம் ஆல்பங்களை அவரே வரிசைப்படுத்தியபோது அதைத்தான் கடைசியில் வைத்தார். அதிகாரம் முழுவதும் தம் கையில் இருந்தவருக்கே அப்படி என்றால், நெருக்கடியை வெளியிலிருந்து மட்டும் எதிர்பார்க்கக் கூடாது என்று தோன்றுகிறது.

என் தொழில் சார்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாற்பதைக் கடந்த குரலுக்கு மூச்சுதான் முக்கியம். நிமிடத்துக்கு 100 தட்டு ஓடும் பீட்டில் 16 வரிகளை அன்று ஒரே ஓட்டமாகப் பாடியவர், இன்று அதே வேகத்தில் பாடினால் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் தேய்ந்துபோகும். கூடத்தில் வெட்டி ஒட்டி அதை நான் சரிசெய்துவிடலாம், ஆனால் மேடையில் முடியாது. பீட்டை 88-க்கு இறக்கி, இரண்டு வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்க இடம் விட்டு எழுதினால், வயது கொடுத்த கனமான அடிக்குரல் எடுப்பாகக் கேட்கும். ஒப்பந்தம் எதுவானாலும் சோதனைப் பதிவுக்கு என் கூடம் உங்களுக்காகத் திறந்திருக்கும்.

தல்லாகுளம் வழக்கறிஞர்:

ஐயா, நீங்கள் கூறிய நிபந்தனைகளில் கடைசியாக வருவதுதான் அவர்களுக்கு உண்மையில் வேண்டியது என்று கருதுகிறேன். பரவியது உங்கள் பழைய பாடல். புதியவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது கையில் இருந்தால் அவர்களுக்கு நட்டமில்லை.

சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் பதிவு செய்திருப்பதால், நமது பதிப்புரிமைச் சட்டப்படி அந்த ஒலிப்பதிவுகளின் தயாரிப்பாளர்கள் நீங்கள்தாம். வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு அவ்வுரிமை நீடிக்கும். உங்களுடன் இருந்த மற்ற இருவருக்கும் இதில் பங்குண்டு என்பதால் அவர்களைக் கலக்காமல் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வரிகளையும் இசையையும் ஆக்கியவர் உரிமையை மாற்றிக் கொடுத்தாலும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை, வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி, வேறெவருக்கும் விட்டுக்கொடுக்க இயலாது. கால அளவு குறிப்பிடப்படாத ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, அவ்வுரிமை காலாவதியாகும். அந்த 'வேறுவிதமாக' என்பதை நிறுவனங்கள் தவறாமல் எழுதிவிடுகின்றன. தேடிப் பார்த்து அடித்துவிடுங்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது திரைப்பாடல் துணுக்குகள்தாம். மூன்றாம் நபர் வழக்குத் தொடுத்தால் இழப்பீட்டைக் கலைஞரே ஏற்க வேண்டும் என்ற விதி ஏறத்தாழ எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். டி லா சோல் என்ற நியூயார்க் குழுவின் தொடக்ககால ஆல்பங்கள், இத்தகைய துணுக்குகளின் அனுமதிச் சிக்கலாலும் நிறுவனத்தோடு ஏற்பட்ட பங்குத் தகராறாலும், 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வரவே இல்லை. அவை வெளியாவதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன் குழுவின் டேவிட் ஜோலிகூர் காலமானார். ஆகவே அப்பாடல்களைத் தனியே பிரித்து வைத்து, எஞ்சியவற்றைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமமாகக் கொடுப்பதே பாதுகாப்பு. முன்பணத்தையும் காணொளிச் செலவையும் உங்கள் பங்கிலிருந்தே கழிப்பார்கள் என்பதால், எந்தச் செலவுக்கும் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

ஜெய்ஹிந்துபுரம் தம்பி:

அண்ணே, நீளத்தைக் குறைப்பதற்காக வருந்த வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் வரும், அதனால்தான் ஹூக்கை முன்னால் கேட்கிறார்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம், அதிலும் நல்ல பாடல் வருகிறது. அரிவாள், மீசையை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். சினிமா போதுமான அளவு அதைச் செய்துவிட்டது. உங்கள் தறிச் சத்தத்தைத்தான் இன்று ரீல்ஸில் மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாடகக்காரர் வீட்டுப் பெண், அவனியாபுரம்:

இந்த ஊரில் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடகக் கலைஞர்களின் குடும்பத்தில் பிறந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நள்ளிரவில் நடக்கும் தர்க்கத்தில், எழுதி வைத்த பாட்டு முடிந்த பிறகும் கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு என்று அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார்கள். அதில் வயதான நாரதருக்குத்தான் ஊரில் மதிப்பு அதிகம், ஏனெனில் அவர் எடுத்துப்போடும் சொல்லுக்கு இளையவரிடம் எளிதில் பதில் இருக்காது. இளம் பாடகரோடு பாடச் சொன்னால் மறுக்காதீர்கள், அண்ணன். ஹூக்கை மட்டும் பாடிவிட்டுப் போகவிடாமல், உங்களோடு எதிர்வாதம் செய்து பாடச் சொல்லுங்கள்.

வில்லாபுரத்தான்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நண்பர்கள் இருவரிடமும் பேசிவிட்டேன். பழைய பாடல்களின் உரிமையை எழுதித் தருவதற்கில்லை, துணுக்குகள் இல்லாத பாடல்களை மட்டும் மூன்று ஆண்டு உரிமமாகத் தரலாம் என்று மூவரும் முடிவு செய்து நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம். இரண்டரை நிமிடத்துக்கும் இளம் பாடகருக்கும் சம்மதம் தெரிவித்துவிட்டோம். வரிகளில் எவரும் கை வைக்கக் கூடாது என்பதைத் தனி விதியாகக் கேட்டிருக்கிறோம். தம்பி ஜெய்ஹிந்துபுரம், தர்க்கம் போல ஒரு பாடலுக்கு எதிர்க்குரலாக வர உங்களுக்கு விருப்பமுண்டா? வழக்கறிஞர் ஐயா, நிறுவனத்தின் பதில் வந்ததும் ஒப்பந்தத் தாள்களோடு உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன்.