தென்கச்சியார் குரலோடு பழகியவர்கள்

தென்கச்சி கோ. சுவாமிநாதன் என்றதும் எல்லோரும் சென்னை வானொலியில் தினம் காலையில் அவர் பேசிய 'இன்று ஒரு தகவல்' பற்றித்தான் பேசுகிறார்கள். நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதற்குப் பல வருஷம் முன்னாலேயே அவர் பழக்கம். 1977இல் பாளையங்கோட்டையில் இருக்கிற திருநெல்வேலி வானொலி நிலையத்தில் சேர்ந்தார். விவசாய நிகழ்ச்சிதான் அவருக்கு வேலை. அப்போது அவர் பெயர் ஊரில் நிறையப் பேருக்குத் தெரியாது. "ரேடியோவில் வெள்ளாமை சொல்றவர்", அவ்வளவுதான்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணித் தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு போகம். சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டிரான்சிஸ்டரைத் திருகுவார். இலங்கை வானொலி கணீரென்று கேட்கிற ஊர் அது. எங்களுக்குப் பாட்டுக் கேட்க ஆசை. விவசாய நிகழ்ச்சி முடிகிறவரை யாரும் பெட்டியைத் தொடக் கூடாது.

ஒரு பிசானத்தில் நெல் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் கதிர்நாவாய்ப் பூச்சி இறங்கிவிட்டது. வரப்பில் நடந்தாலே அந்த நாற்றம் மூக்கில் ஏறும். கதிரை நெருடினால் விரலில் பால் ஒட்டவில்லை, எல்லாம் பதர். அப்பா வானொலி நிலையத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். கொஞ்ச நாளில் நிகழ்ச்சியிலேயே பதில் வந்தது. மருந்துப் பொடியின் பெயர், ஏக்கருக்கு எத்தனை கிலோ, விடிகாலைப் பனி ஈரம் காய்வதற்குள் தூவிவிட வேண்டும் என்கிற விவரம். சொல்லி முடித்துவிட்டு அதையே நிதானமாக இன்னொரு தரமும் சொன்னார்கள். எழுதத் தெரியாதவனுக்கும் மனசில் நின்றிருக்கும். அந்தக் குரல் தென்கச்சியாருடையதுதான் என்று அப்பா சாகிறவரை அடித்துச் சொன்னார். அந்தப் பிரிவில் இன்னும் சிலர் இருந்திருப்பார்களே என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

அவர் வேளாண்மை படித்தவர், விவசாயத் துறையில் வேலை பார்த்தவர். பிறந்தது இப்போதைய அரியலூர் மாவட்டத்துத் தென்கச்சிப் பெருமாள்நத்தத்தில். வானொலிக்கு இந்த மாதிரி ஆட்கள் தேவைப்பட்ட காலம் அது. 1960களில் ஆடுதுறை 27 நெல் தஞ்சாவூர்ப் பக்கம் வானொலி வழியாகவே பரவி, சனங்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள். ஒரு தரம் சொல்வதற்குள் விஷயம் ஆளிடம் போய்ச் சேர வேண்டும், பேச்சில் பெரிய வார்த்தை கூடாது, கேட்கிறவன் கையில் வேறு வேலை இருக்கும். இதையெல்லாம் அவர் எங்கள் வயல்காட்டில்தான் பழகினார் என்பது என் கட்சி. சென்னைக்காரர்கள் மறுக்கலாம்!

*

சென்னைக்காரி மறுக்கவில்லை அண்ணே. ஆனால் எங்களுக்குக் கிடைத்தது வேறு ஆள். 1988இல் 'இன்று ஒரு தகவல்' ஆரம்பித்தபோது நான் கல்யாணமாகி வில்லிவாக்கம் வந்த புதிது. ஏழே காலுக்கு டில்லிச் செய்தி, பாதி நாள் சரோஜ் நாராயணசுவாமி குரலில். அது முடிகிறபோது குக்கர் இறங்கியிருக்க வேண்டும். தென்கச்சியார் பேச ஆரம்பிக்கும்போது டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருப்பேன். அவர் முடிக்கும்போது என் வீட்டுக்காரர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். பேச்சின் கடைசியில் வரும் நகைச்சுவையைக் கேட்காமல் கிளம்ப மாட்டார். அதனால் பஸ் போன நாள் உண்டு.

அவர் குரலில் அலங்காரமே கிடையாது. கொஞ்சம் கிராமத்து இழுப்பு, அவசரமே இல்லாத பேச்சு. கேட்கிற நாம் சிரிப்போம், அவர் சிரிக்க மாட்டார். "ஒருத்தர் இருந்தார்" என்று ஏதோ பக்கத்து வீட்டு வம்பு மாதிரி தொடங்கி, ரத்த அழுத்தம், தூக்கம், கோபம், ஜென் துறவி, முல்லா என்று எங்கெங்கோ போய்விட்டு வருவார்.

பிற்பாடு புத்தகமாக வந்ததை வாங்கினேன். எனக்கு ஆச்சரியம், முக்கால்வாசி இடத்தைத் தகவல்தான் அடைத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் நான் நகைச்சுவையை மட்டும் ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன். அந்த நகைச்சுவையோ தாளில் படித்தால் சப்பென்று இருக்கிறது. அவர் எங்கே நிறுத்துவார், எந்தச் சொல்லை விழுங்குகிற மாதிரி சொல்வார் என்பது அச்சில் வராது இல்லையா? பிறகு டிவியில் வந்தாரே, அதுகூட எனக்கு ஒட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

*

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், விழுப்புரம் பக்கத்துக் கிராமப் பள்ளி. காலை வழிபாட்டில் தினம் ஒரு பிள்ளை வந்து அன்றைய தகவலைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தோம். ரேடியோ இல்லாத வீட்டுப் பையன் ஒருவன் பால் வாங்குகிற சாக்கில் டீக்கடையில் நின்று கேட்டுவிட்டு வருவான். தூக்குச் சட்டியோடு அவன் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பால் எப்போது வீட்டுக்குப் போகுமோ!

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவர் குரலிலேயே சொல்வாள். அதே இழுவை, அதே நிறுத்தம், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. சிரிக்காத தலைமை ஆசிரியரே கொடிக்கம்பத்துப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பேச்சுப் போட்டிக்கு நாங்கள் கையை ஆட்டு, குரலை உயர்த்து என்று சொல்லிக்கொடுத்ததெல்லாம் அன்றோடு அடிபட்டுப் போனது.

*

எல்லோரும் புகழ்கிறீர்கள், ஒரு மாற்றுக் கருத்தும் இருக்கட்டும். அவர் சொன்னவற்றில் பாதி பத்திரிகையிலும் புத்தகத்திலும் முன்பே வந்தவைதான். உடம்பு சம்பந்தமாகச் சொன்ன சிலதை இன்றைக்கு எந்த டாக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். சொந்தச் சரக்கு என்று பெரிதாக எதைச் சொல்வது? ஆனாலும் நான் ஒரு நாளும் விடாமல் கேட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

*

அம்பாசமுத்திரத்துக்காரன்தான் மறுபடியும். கடைசியாகச் சொன்னவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாளுக்கு ஒன்று என்று வருஷக்கணக்காகப் பேச வேண்டியவர் படிக்காமல், திரட்டாமல் எப்படிப் பேசுவார்? எழுத்தைப் பேச்சாக மாற்றுகிற வேலை அது. நல்ல எழுத்தாளர்கள் சிலர் மைக் முன்னால் கட்டுரை வாசிப்பதைக் கேட்டால் அதன் அருமை தெரியும். மருத்துவக் குறிப்புகள் பற்றி நீங்கள் சொன்னது சரி.

2002இல் உதவி நிலைய இயக்குநராக ஓய்வு பெற்றார். 2009 செப்டம்பர் 16 அன்று சென்னையில் காலமானார். அன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையில் பேச்சு எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? 'இன்று ஒரு தகவல்' பற்றி இல்லை. எந்த வருஷம் எந்த நெல்லுக்கு அவர் என்ன யோசனை சொன்னார் என்று இரண்டு கிழவர்களுக்குள் பெரிய சண்டை.

சென்னைக் காலத்துப் பேச்சுகள் கேசட்டாகவும் வந்தன, யூடியூபிலும் கிடைக்கின்றன. திருநெல்வேலிக் காலத்து விவசாய நிகழ்ச்சிதான் என் கையில் ஒன்றும் சிக்கவில்லை. டேப் ரெக்கார்டரில் யாராவது பிடித்து வைத்திருந்தால், நாடா சிக்கலாகிப் போயிருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். சரிசெய்கிற ஆள் எனக்குத் தெரியும்.