வகுப்பில் ஸ்பின்னரும் பாப் இட்டும்: கவனத்துக்குத் துணையா, இடையூறா?

சாக்பீஸ்:
எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நேற்று ஒளிவிலகல் பாடம். டம்ளர் தண்ணீரில் பென்சில் முறிந்தது போலத் தெரிவதைக் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் 'டப் டப்' என்று பாப் இட் சத்தம். குமிழ் குமிழாக இருக்கும், விரலால் அமுக்குகிற பொம்மை அது. வகுப்பே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கவனம் கூடும் என்று சொல்லி வீட்டிலேயே வாங்கிக் கொடுத்தார்களாம். பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பி விளையாட்டுச் சாமானைப் பையில் போட்டு அனுப்பாதீர்கள். பெற்றோரைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒன்பது வயது அம்மா:
டீச்சர், ஒன்பது வயதான என் மகனுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகுந்த துறுதுறுப்பும் உள்ள நிலை. கையைக் கட்டி உட்காரச் சொன்னால், கையை அடக்குவதிலேயே அவன் சக்தி முழுவதும் தீர்ந்துவிடும். பாடம் எங்கே ஏறும்? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் கணுக்காலில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி, திரையில் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல வைத்தார்கள். உடல் வேகமாக அசைந்தபோதுதான் விடைகள் அதிகம் சரியாக வந்தன. துறுதுறுப்பைக் குற்றமாகப் பார்க்காதீர்கள்.

சாக்பீஸ்:
அது பிள்ளையின் உடம்பில் தானாக எழும் அசைவு. பொம்மையின் கதை வேறு. அதே பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் மாணவர்களுக்குக் காணொளியில் விரிவுரை காட்டிச் சோதித்தார்கள். விரலில் பிடித்துச் சுழற்றும் ஸ்பின்னரைச் சுற்றியபோது பாடம் குறைவாகவே நினைவில் நின்றது. ஸ்பின்னர் நல்லதுதான் என்று நம்பி வந்தவர்களுக்கும் அதே கதி. கல்லூரி மாணவர்களுக்கே இப்படி என்றால் பதின்மூன்று வயதுக்கு?

பூக்காரி பேத்தி:
இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. என் பாட்டி மல்லிகை தொடுத்துக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் கேட்பார், ஒரு வார்த்தை தவறாது. விரல் வேலை செய்யும். கண் அங்கே போகாது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 40 பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தியைக் கேட்க வைத்தார்கள். தாளில் இருந்த கட்டங்களையும் வட்டங்களையும் பென்சிலால் நிரப்பிக்கொண்டே கேட்டவர்கள் 29 சதவீதம் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஸ்பின்னர் அப்படியா? சுற்றினால் பார்க்கத் தோன்றும், பார்த்தால் பக்கத்துப் பையனுக்குக் காட்டத் தோன்றும். கண்ணைக் கூப்பிடும் பொருள் வகுப்புக்கு ஆகாது, கையோடு நிற்பது ஆகும். நான் வேறு கோடு போட மாட்டேன்.

ஒன்பது வயது அம்மா:
ஸ்பின்னரை நானும் எப்போதோ நிறுத்திவிட்டேன். மேசைக்கு அடியில் வெல்க்ரோ துண்டு ஒட்டியிருக்கிறோம். சொரசொரப்பை விரலால் தடவிக்கொண்டே இருப்பான். சத்தம் கிடையாது, யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் 'பொம்மைக்குத் தடை' என்று ஒரே வரியில் அறிவிக்கும்போது அதையும் பிய்த்து எறிந்துவிடுகிறார்கள். ஒரு முறை அது நடந்தது. அன்று அவன் எப்படி வீடு திரும்பினான் என்பது எனக்குத்தான் தெரியும்.

சாக்பீஸ்:
இதை நான் யோசித்ததில்லை. பாப் இட்டைத் திங்கட்கிழமையும் வாங்கித்தான் வைப்பேன், அதில் மாற்றமில்லை. அந்த மூன்றாவது பெஞ்சுப் பையனின் மேசைக்கு அடியில் வெல்க்ரோ ஒட்டிப் பார்க்கிறேன்.

ஒன்பது வயது அம்மா:
அவன் மேசையில் மட்டும் ஒட்டாதீர்கள் டீச்சர். அந்த வரிசை முழுவதும் ஒட்டுங்கள்.