குறள் 619-ஐ டர்பன் மேடையில் ஆங்கில எழுத்தில் போடலாமா?

சாட்ஸ்வர்த் டீச்சர் எழுதியது:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் கூடத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். என் தமிழில் பாதி ஆயா பேசிக் கேட்டது, பாதி புத்தகம் வைத்துப் படித்தது. (ஆயா என்றால் எங்களுக்குப் பாட்டி. சென்னையிலிருந்து வந்த ஒரு தோழி, ஏதோ வேலைக்கு வைத்த அம்மாவைப் பற்றிப் பேசுகிறேன் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அது தனிக் கதை.)

விஷயத்துக்கு வருகிறேன். வருட முடிவில் பரிசளிப்பு விழா. மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய பேனர் கட்டுவோம். அதில் போட நான் எடுத்துக் கொடுத்தது குறள் 619: "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." பிள்ளைகளில் பலருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், பெற்றோருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அதனால் எப்போதும்போல் கீழே ஆங்கில எழுத்தில் உச்சரிப்பையும் போட்டு, கமிட்டியின் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பினேன்.

முதல் பதில் ஒரு ஆன்ட்டியிடமிருந்து வந்தது. "அந்த வார்த்தை நம் கோயில் மேடையில் ஏறாது." அவ்வளவுதான். அதற்குமேல் அவர் ஒன்றும் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. எங்கள் ஊரில் எல்லாருக்கும் புரியும்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அவர் சொன்னது கூலி என்ற வார்த்தையை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பல் கரும்புக் காட்டு ஒப்பந்த வேலைக்குச் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனுக்கு வந்தது. 1911 வரை இப்படி ஒன்றரை லட்சம் பேர் வந்தார்கள். முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். உழைத்தவனுக்குக் கொடுக்கிற காசுக்குத் தமிழில் இருந்த பெயரை இங்கே அவன் தலைமேலேயே வைத்தார்கள். பிறகு கரும்புக் காட்டுக்கே போகாதவர்களுக்கும் அதே பெயர். கடை வைத்திருந்தவர் கூலி வியாபாரி, காந்தி கூலி பாரிஸ்டர். தென்னாப்பிரிக்காவின் இன்னொரு பகுதியான டிரான்ஸ்வாலில் 1885-இல் போட்ட 3-ஆம் எண் சட்டத்திலேயே "கூலிகள் எனப்படுவோர், அரபுகள், மலாய்க்காரர்கள்" என்று வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறது. ஜூலு மொழியிலும் அது அமாகூலா என்று புகுந்துவிட்டது. மரியாதையாகப் பேசும் ஜூலுக்காரர் அமாந்தியா என்பார், சண்டை வந்தால்தான் மற்றது வெளியே வரும். (ஆங்கிலச் சொல் தமிழ்க் கூலியிலிருந்து போனதா, குஜராத்துக் கோலி என்ற சமூகத்தின் பெயரிலிருந்து வந்ததா என்று பண்டிதர்கள் சண்டை போடுகிறார்கள். திட்டு வாங்குகிறவனுக்கு அதில் என்ன வித்தியாசம்?)

பொருளாளர் ஒரு சுலபமான வழி சொன்னார்: 611-ஐப் போடு, "பெருமை முயற்சி தரும்" என்று முடிகிறது, யாருக்கும் வலிக்காது. அதுவும் நல்ல குறள்தான். ஆனால் அதில் உடம்பு நோக உழைப்பது இல்லையே. கரும்பு வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 619-ஐவிட்டால் வேறு எதைச் சொல்லிக்கொடுப்பது?

குறளை மாற்றுவதா, ஆங்கில எழுத்து வரியை எடுப்பதா, அல்லது அப்படியே போட்டுவிட்டுச் சண்டைக்குத் தயாராவதா? உங்கள் ஊர்களில் இப்படி ஒரு சொல் உண்டா, என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

சகோதரி, இரண்டாயிரம் வருடக் குறளை இருநூறு வருடத் திட்டுக்குப் பயந்து மாற்றுவதா? கூலி நம் சொல். எவனோ அதைக் கெடுத்தான் என்பதற்காக நாம் ஏன் ஒதுக்க வேண்டும்? நாற்றம் என்ற சொல்லைப் பாருங்கள். குறளில் அது மொட்டுக்குள் இருக்கும் மணம், இன்று மூக்கைப் பிடிக்க வைக்கிறது. அதற்காக அந்தக் குறளை யாராவது மறைத்தோமா? ஆன்ட்டிக்கு உட்கார வைத்துப் பொருள் விளக்குங்கள், சரியாகிவிடும்.

காரைக்கால் காற்று எழுதியது:

வைகைக்கரை ஐயா, நாற்றம் உதாரணத்தைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்க விடலாம். அது தானாக நடந்த மாற்றம், யாரும் யாரையும் அந்தச் சொல்லால் அடிக்கவில்லை. அப்புறம், கூலி நம் ஊரில் மட்டும் என்ன கோபுரத்திலா இருக்கிறது? தாசில்தார் வாங்குவது சம்பளம், அறிக்கையில் எழுதினால் ஊதியம், களை பறிக்கிற அம்மா வாங்குவது மட்டும் கூலி. மனசில்லாமல் வேலை செய்தால் "கூலிக்கு மாரடிக்கிறான்" என்கிறோம். காசுக்குக் கொலை செய்தால் கூலிப்படை. சொல் நம்முடையதுதான், ஆனால் அதைக் கீழே இறக்கிவைத்ததில் நமக்கும் பங்கு உண்டு.

நான் இப்போது இருப்பது பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், சேந்த் ஆந்த்ரே பக்கம். இங்கே தமிழ் வம்சத்தாரை மல்பார் என்பார்கள். அவர்களும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள், கொஞ்சம் பெருமையாகவே. வந்தவர்களில் மிகப் பலர் தமிழ்நாட்டுப் பக்கத்துக்காரர்கள், ஆனாலும் பெயர் என்னவோ மலபார். படித்தவர்கள் சிலர் தமிழர் என்று சொல்வதையே விரும்புவார்கள். பக்கத்துத் தீவு மொரீஷியஸுக்குப் போனால் அதே மல்பார் வேறு ஆட்களைக் குறிக்கும். அங்கே வட இந்திய வம்சத்து இந்துக்களைச் சொல்வது அது. சொல்லும் விதத்தைப் பொறுத்து வசை.

இதைவிடப் பெரியது ஒன்று. ரீயூனியனில் ஆப்பிரிக்க வம்சத்தாரைக் காஃப் என்பார்கள். 1848 டிசம்பர் 20-இல் இங்கே அடிமை முறை ஒழிந்தது, அந்த நாளுக்கே காஃப் திருவிழா என்றுதான் பெயர். தெருவெல்லாம் மலோயா மேளமும் ஆட்டமும்தான். காதலியைக் கொஞ்சும்போது காஃப்ரின் என்பார்கள். டீச்சர், இந்தச் சொல்லின் வேர் உங்களுக்குத் தெரியும்தானே?

சாட்ஸ்வர்த் டீச்சர் எழுதியது:

தெரியும், படித்ததும் ஒரு கணம் திக்கென்றது! இங்கே அதே வேரிலிருந்து வந்த சொல் கறுப்பினத்தவரைத் திட்டும் வசை. அதை முழுதாக உச்சரிக்கக்கூட மாட்டோம், கே வேர்ட் என்போம். 2018-இல் ஒரு பெண்மணிக்குக் கறுப்பினப் போலீஸ்காரர்களைத் திரும்பத் திரும்ப அந்தச் சொல்லால் திட்டியதற்காக 3 வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள், அதில் ஒரு வருடம் நிறுத்திவைப்பு. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய தமிழ்ப் புத்தகங்களில் ஆப்பிரிக்கர்களைக் காப்பிரி என்று எழுதியிருப்பார்கள். அதை டர்பன் டாக்சியில் உட்கார்ந்து சொல்லிப் பார்க்காதீர்கள். தமிழில்தானே பேசினேன் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

வெருலம் அங்கிள் எழுதியது:

நான் சின்ன வயதில் அப்பாவோடு காய்கறி விற்கப் போவேன். வெள்ளைக்கார வீட்டுப் பின்வாசலில் நின்று கூப்பிட வேண்டும். அந்த அம்மா வெளியே வந்து "சாமி, இன்றைக்கு என்ன வைத்திருக்கிறாய்" என்பாள். அப்பா பெயரில் சாமி கிடையாது. எல்லா இந்திய ஆண்களும் சாமி, எல்லாப் பெண்களும் மேரி. ராமசாமி, முத்துசாமி என்று வந்தவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்ட வால் அது. கோயிலில் நாங்கள் கைகூப்பிச் சொல்லும் அதே சொல் பின்வாசலில் எங்களைக் கூப்பிடும் சொல். காந்தியும் இதை எழுதி வைத்திருக்கிறார். வாய்த்துடுக்கு உள்ளவன், "சாமி என்றால் எஜமான், நான் உனக்கு எஜமான் இல்லையே" என்று திருப்பிக் கொடுப்பானாம். என் அப்பாவுக்கு அந்த வாய் இல்லை. கத்தரிக்காய் விற்றாக வேண்டும்.

அதனால் வைகைக்கரைத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ஆன்ட்டிக்குப் பொருள் தெரியாமல் இல்லை. பொருள் தெரிந்துதான் வேண்டாம் என்கிறார்.

அதே சமயம் எங்களுக்குள்ளே நாங்கள் சாரோ என்று (இங்கே இந்திய வம்சத்தாரைச் சொல்லும் கொச்சைச் சொல்) கூப்பிட்டுக்கொள்வோம், சிரிப்போம். வெளியாள் சொன்னால் முகம் மாறும். எங்கள் பன்னி சௌவும் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றிக் கொடுப்பது, டர்பனுக்கே பெருமை. சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் "பன்னி சாப்பிடுகிறீர்களா" என்று என் பேரன் கேட்டான். அந்த அம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

என் யோசனை: குறள் இருக்கட்டும், ஆங்கில எழுத்து வேண்டாம். தமிழ் எழுத்தில் இருந்தால் அது வள்ளுவர் சொல். ஆங்கில எழுத்தில் போட்டால் அது அந்தச் சட்டப் புத்தகத்தின் சொல். முடிந்தால் விழாவில் பிள்ளைகளுக்கு 1871-ஐப் பற்றியும் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிய முதல் கூட்டம், தருவதாகச் சொன்ன 10 பவுண்டுப் பணத்தைத் தரவில்லை, கொடுமை செய்தார்கள் என்று அங்கே போய்ப் புகார் கொடுத்தது. இந்திய அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்தி வைத்தது. 1872-இல் டர்பன் இருக்கும் நேட்டாலில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள், 1874-இல்தான் கப்பல்கள் மறுபடி ஓடின. கமிஷனுக்கு என்ன பெயர் என்கிறீர்கள்? கூலி கமிஷன்! கூலி கொடுக்காததை விசாரிக்க வந்ததற்கு அந்தப் பெயர்.

யாங்கோன் பேரன் எழுதியது:

எங்கள் பர்மாவில் அந்தச் சொல் கலா. இந்தியத் தோற்றம் உள்ளவர் யாரையும், முக்கியமாக முஸ்லிம்களை, இழிவாகச் சொல்வது. பழைய காலத்தில் மேற்கிலிருந்து வந்த அந்நியர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னதுதான். கொண்டைக்கடலை கலாப்பே, நாற்காலி கலாத்தாய்ங், இரண்டிலும் அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது, யாரும் கோபப்படுவதில்லை. கடையில் நானே கலாப்பே கால் கிலோ என்றுதான் கேட்பேன். பின்னால் வரிசையில் நிற்பவன் என்னைப் பார்த்து முதல் பாதியை மட்டும் சொன்னால் கதை வேறு.

2017-இல் ஃபேஸ்புக் இந்தச் சொல் வரும் பதிவுகளை நீக்கத் தொடங்கியபோது கடலையும் நாற்காலியும் சேர்ந்து காணாமல் போயின. சூழலைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கிறது என்று நிறுவனமே பிறகு ஒத்துக்கொண்டது. ஒரு சொல்லைத் தடை செய்வது இயந்திரத்துக்குச் சுலபம், யார் யாரிடம் எந்தத் தொனியில் சொன்னார் என்று பார்ப்பதுதான் பெரும்பாடு.

என் அத்தை பெயர் கலாவதி. ஊரில் என்றால் கலா என்றுதான் சுருக்குவார்கள். இங்கே பிறந்ததிலிருந்து அவர் வதி.

வைகைக்கரை எழுதியது:

அங்கிள் சொன்ன பின்வாசல் கதையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். ஆனாலும் ஒரு சந்தேகம். எழுத்தில் எடுத்துவிட்டீர்கள், சரி. பிள்ளைகள் மேடையில் வாய்விட்டுச் சொல்லும்போது சத்தம் அதேதானே?

சாட்ஸ்வர்த் டீச்சர் எழுதியது:

நல்ல கேள்வி, கமிட்டியிலும் இதைத்தான் கேட்டார்கள். சத்தம் அதே இல்லை என்பது என் பக்கம். "மெய்வருத்தக் கூலி தரும்" என்று ஒரே மூச்சில் வரும்போது அது வாக்கியத்துக்குள் இருக்கிறது, யாரையும் பார்த்துச் சொல்லப்படவில்லை. பேனரில் ஆங்கில எழுத்தில் நின்றால் கண் அதை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுக்கும். படம் எடுத்து யாராவது அந்த ஒரு சொல்லை வெட்டிப் போட்டால் முடிந்தது.

முடிவானது இது. பேனரில் குறள் தமிழ் எழுத்தில் மட்டும், பெரிதாக. ஆங்கில உச்சரிப்பு வரி கிடையாது. பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள், பெற்றோருக்கு நான் ஒலிப்பதிவு அனுப்பிவிடுவேன். கீழே ஆங்கிலத்தில் பொருள் இருக்கும். அதிலும் ஒரு சண்டை நடந்தது. பொருளாளர் ரிவார்ட் என்று போடச் சொன்னார், அழகாக இருக்குமாம். நான் வேஜஸ் என்றுதான் போட வேண்டும் என்று நின்றேன். ரிவார்ட் என்றால் மேலே இருப்பவர் மனமிரங்கிக் கொடுப்பது, வேஜஸ் உழைத்தவனுக்குக் கொடுத்தே ஆக வேண்டியது. மாதம் 10 ஷில்லிங்குக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் முன்னால் அதைப் பரிசு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆன்ட்டி என் பக்கம் நின்றார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. பொருளாளருக்கு இன்னும் வருத்தம்தான்.

வெருலம் அங்கிள், 1871 கதையைச் சொல்ல உங்களையே கூப்பிடலாம் என்று கமிட்டி சொல்கிறது. தனிச் செய்தியில் தேதி அனுப்புகிறேன். பன்னி கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் தூங்க மாட்டார்கள்.

இன்னொரு உதவி. அச்சகக்காரரின் கணினியில் "தெய்வத்தான்" என்று போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. படமாக மாற்றிக் கொடுத்தால் போதுமா, இல்லை பிடிஎஃப் ஆகக் கொடுக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.