நிக்கல் சுரங்கக் கணக்கு இடிக்கிறது, வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், ஒரு நிக்கல் சுரங்கத்தில் ஜியாலஜிஸ்ட் வேலை. விடுப்பில் வந்தும் மனசு இந்தக் கணக்கிலேயே கிடக்கிறது.

மூன்று மாதத் திட்டத்தில் தாதுவில் 1.8 சதவீத நிக்கல் என்று போட்டிருந்தோம். ஆலைக்குப் போனது 1.6தான். ஆனால் தாதுவின் டன் கணக்கு திட்டத்தைவிடக் கூடியிருக்கிறது.

மேலே லிமோனைட் என்கிற மண் அடுக்கு, நம்ம தேரிக்காட்டு மண் போலச் செக்கச்செவேல் என்று இருக்கும், இரும்பு அதிகம். அதற்குக் கீழே பச்சையும் பழுப்புமாகச் சாப்ரோலைட், அதாவது பாதி மக்கிய பாறை. எங்களுக்கு வேண்டியது அதுதான். அடிப்பாறையோ, மாதிரி எடுக்கப் போடும் துளைக்குத் துளை ஏறி இறங்கும். 25 மீட்டர் இடைவெளியில் துளை போட்டும், நடுவில் ஒரு பாறை முகட்டில் பொக்லைன் வாளி 'ணங்'கென்று முட்டியதை நானே நின்று பார்த்தேன். நிக்கல் குறைந்த உருண்டைக் கல்லும் சேர்ந்து லாரியில் ஏறியது. என் முதல் சந்தேகம் அங்கேதான்.

அப்புறம் ஈரம். திட்டம் உலர் டன்னில் (ஈரத்தைக் கழித்த எடை), எடைமேடை காட்டுவது ஈர டன். வருஷம் முழுக்க ஒரே ஈர சதவீதத்தை வைத்துக் கழிக்கிறோம். மழைக்காலத்தில் அது எப்படிச் சரியாகும்?

துளை மாதிரி, தினசரித் தரக் கட்டுப்பாடு, குவியல், ஆலை என்று படிப்படியாக ஒப்பிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு பிசகுகிறது என்று பிரித்துக் காட்டும் எக்செல் தாள் யாரிடமாவது இருக்கிறதா? சுண்ணாம்புக்கல் சுரங்க அனுபவமும் உதவும். தாழையூத்துப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நானே நேரில் வருகிறேன். இன்னும் பத்து நாள் ஊரில்தான் இருப்பேன்.