ஊர்ப்பெயர் நீண்டால் கிரிட் பிதுங்குகிறது, உதவி தேவை

பொதிகைச்சாரல்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் மாமா கடைக்கு ஒரு வலைப்பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். பத்தமடைக் கோரைப்பாய், காருக்குறிச்சி மண்சட்டி, அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்று எல்லாம் நம்ம பக்கத்துச் சரக்கு. ஒவ்வொன்றுக்கும் படம், தலைப்பு, விலையோடு ஒரு அட்டை, போனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தியாக கிரிட்டில் (கட்டங்களாக அடுக்கும் முறை) போட்டிருக்கிறேன். பக்கத்தின் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் நிரல் இவ்வளவுதான் (போனில் தமிழ்க் கீபோர்டு, அப்படியே தட்டிவிட்டேன்):

டிஸ்ப்ளே: கிரிட்;
கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்: ரிப்பீட்(2, 1எஃப்ஆர்);
கேப்: 12பிக்சல்;

தலைப்பு "பத்தமடையிலிருந்து" என்று இருக்கும்வரை இரண்டு பத்தியும் சமமாக நிற்கிறது. "கல்லிடைக்குறிச்சியிலிருந்து" வந்ததும் அந்தப் பத்தி வீங்கி, பக்கத்தில் இருப்பதை நெருக்கி, பக்கமே வலப்புறம் இழுபடுகிறது. நீளச் சொல்லை உடைக்க ஓவர்ஃப்ளோ-ரேப்: பிரேக்-வேர்டு போட்டேன், அசையவில்லை. எல்லாவற்றையும் சுற்றியிருக்கும் டிவ்வுக்கு (வெளிப்பெட்டிக்கு), நீட்டுவதை மறைக்க ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன் கொடுத்தேன். இழுபடுவது நின்றது. ஆனால் வலப்பக்க அட்டையில் விலை பாதி வெட்டுப்படுகிறது, மேலே ஸ்டிக்கியாக (ஸ்க்ரோல் செய்தாலும் நகராமல்) நின்ற மெனுவும் ஸ்க்ரோலோடு போய்விடுகிறது. 1எஃப்ஆர் என்றால் சம பங்குதானே?

முக்கூடல்காரன்

விக்கிரமசிங்கபுரத்தையே வி.கே.புரம் என்றுதான் சொல்கிறோம். நீரும் சுருக்கிப் போடும்வே, சோலி முடிஞ்சுது.

பொதிகைச்சாரல்

மாமா ஒத்துக்கொள்ள மாட்டார் அண்ணாச்சி. எந்த ஊர்ச் சரக்கு என்று முதல் சொல்லிலேயே முழுசாகத் தெரியணும் என்கிறார்.

சந்திப்பிள்ளையார்முக்கு

தம்பி, மாமா சொல்வது சரிதான். 1எஃப்ஆர் பற்றிக் கேட்டீர்களே, சிக்கலே அங்கேதான். பிரவுசர் அதை மின்மேக்ஸ்(ஆட்டோ, 1எஃப்ஆர்), அதாவது குறைந்தது ஆட்டோ, அதிகம் 1எஃப்ஆர் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அந்த ஆட்டோவுக்கு அர்த்தம், உள்ளே இருக்கும் உடையாத மிக நீளமான சொல்லுக்கு என்ன அகலம் வேண்டுமோ அதற்குக் கீழே இந்தப் பத்தி இறங்காது என்பது. சம பங்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

360 பிக்சல் போனில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் 16 ஓரம், நடுவில் 12 இடைவெளி போக ஒரு பத்திக்கு 158. அட்டைக்குள் இரண்டு பக்கமும் பேடிங் (உள் ஓரம்) 12 வீதம் விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 134. தடித்த எழுத்தில் "கல்லிடைக்குறிச்சியிலிருந்து" அதற்குள் எங்கே அடங்கும்? இங்கிலீஷ் மாதிரிப் பக்கங்களில் இந்தக் கோளாறு அவ்வளவாகத் தெரியாது, அங்கே சொற்கள் குட்டை. நாம் வேற்றுமை உருபையும் சொல்லோடு ஒட்டி எழுதுகிறவர்கள்.

பிரேக்-வேர்டு ஏன் அசையவில்லை என்றால், பத்தியின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அது சேர்த்தியே இல்லை. முழுச் சொல்லும் அடங்குகிற அளவுக்குப் பத்தி முதலிலேயே விரிந்துவிடுகிறது. அப்புறம் உடைக்க என்ன இருக்கிறது? பிரேக்-வேர்டுக்குப் பதில் எனிவேர் என்று கொடுத்தால் அந்தக் கணக்கிலும் சேரும். ஆனால் அதை எல்லா இடத்திலும் போட்டுவைத்தால், அகலத்தை ஆட்டோவாக விட்ட பத்திகளில் வரிக்கு ஒரே எழுத்தாகத் தொங்கும் நிலைகூட வரலாம். நான் எழுதுவது:

கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்: ரிப்பீட்(2, மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்));

இதோடு உங்கள் பிரேக்-வேர்டும் அப்படியே இருக்கட்டும். ஓவர்ஃப்ளோ ஹிடனை எடுத்துவிடுங்கள். அது அந்த டிவ்வையே ஸ்க்ரோல் பெட்டியாக்கிவிடும், மெனு ஒட்டிக்கொள்ளப் பார்ப்பது ஸ்க்ரோலே ஆகாத அந்தப் பெட்டியில். வெட்டித்தான் ஆகணும் என்றால் ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: கிளிப் போடுங்கள், ஸ்டிக்கிக்கு ஒன்றும் ஆகாது.

பொதிகைச்சாரல்

பத்தி இரண்டும் சமமாகிவிட்டது, மெனுவும் நிற்கிறது. ஆனால் இப்போது தலைப்பு மட்டும் அட்டையின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

சந்திப்பிள்ளையார்முக்கு

அட்டைக்குள் படமும் தலைப்பும் ஃபிளெக்ஸில் (ஒரே திசையில் வரிசையாக அடுக்கும் முறை) பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதோ? இருந்தால் அங்கேயும் இதே கதைதான். ஃபிளெக்ஸ் உருப்படிக்கும் மின்-வித்து (குறைந்தபட்ச அகலம்) தானாகவே ஆட்டோ. தலைப்புக்கு மின்-வித்து: 0 கொடுங்கள். இனி இப்படி எது பிதுங்கினாலும், கொஞ்ச நேரத்துக்கு எல்லாவற்றுக்கும் அவுட்லைன்: 1பிக்சல் சாலிட் ரெட் போட்டுப் பாருங்கள், எந்தப் பெட்டி நீட்டுகிறது என்று உடனே தெரியும். பார்டர் போடாதீர்கள், அதுவே இடம் பிடித்து அளவை மாற்றிவிடும்.

குறுக்குத்துறை

தம்பி, அடங்கிவிட்டது என்று விட்டுவிடாதீங்க. சொல் எங்கே உடைகிறது என்று பார்த்தீங்களா? என் போனில் "கல்லிடைக்" ஒரு வரி, "குறிச்சியிலிரு" ஒரு வரி, "ந்து" தனியாகக் கீழே. கொம்பு, கால், புள்ளியை எழுத்திலிருந்து பிரிக்காத அளவுக்கு பிரவுசருக்கு விவரம் உண்டு. ஒற்றில் வரி தொடங்கக்கூடாது என்பது அதற்குத் தெரியாது. பத்திரிகையில் பக்கம் கட்டுகிறவர்கள் இதை விடவே மாட்டார்கள்.

உடைய வேண்டிய இடத்தை நீங்களே காட்டிக் கொடுங்க. கல்லிடைக், குறிச்சியி, லிருந்து என்று மூன்றாகப் பிரித்து, நடுவில் டபிள்யூபிஆர் டேக் போதும். இடம் இருந்தால் சொல் உடையாது, இல்லாவிட்டால் அங்கேதான் உடையும். சாஃப்ட் ஹைஃபன் போட்டால் வரிக் கடைசியில் ஒரு சிறு கோடு வரும், தமிழில் அது எனக்குப் பிடிக்காது. நூற்றுக்கணக்கில் சொற்கள் இருந்தால் இது ஆகாது. ஊர்ப்பெயர்களுக்கு மட்டும் என்றால் ஒரு சாயங்கால வேலை.

பொதிகைச்சாரல்

அக்கா, நன்றி. இப்போது பார்க்க லட்சணமாக இருக்கிறது. தலைப்பு ஒன்றில் மூன்று வரி, இன்னொன்றில் ஒரு வரி என்பதால் விலை மட்டும் அட்டைக்கு அட்டை மேலும் கீழுமாக நிற்கிறது. சப்கிரிட் (அட்டையின் உள் வரிசைகளை வெளி கிரிட்டின் வரிசைகளோடு நேராக்குவது) போடலாமா, பழைய போன்களில் வருமா?

முக்கூடல்காரன்

இதுக்கு நான் சொல்லுதேன். ஃபயர்ஃபாக்ஸில் 2019 முதலே உண்டு, சஃபாரியில் 2022-இல் 16ஆம் பதிப்பு, குரோமில் 2023 செப்டம்பரில் 117. மாமா கடைக்கு வருகிறவர்களில் அப்டேட்டே செய்யாத போன் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். விலை ஒன்று மட்டும் அடியில் நிற்கணும் என்றால் சப்கிரிட் எதற்குவே? அட்டையை ஃபிளெக்ஸ், டைரக்ஷன் காலம் (மேலிருந்து கீழாக) ஆக்கி, படமும் தலைப்பும் உள்ள பெட்டியை மேலே விட்டு, விலைக்கு மார்ஜின்-டாப்: ஆட்டோ கொடும். ஒரே வரிசை அட்டைகள் எப்படியும் ஒரே உயரத்துக்கு நீளும், விலை தானாக அடிக்குப் போகும்.

எடை வரி, விவர வரி எல்லாமே நேராக நிற்கணும் என்றால் மட்டும் சப்கிரிட். அப்போது அட்டைக்கு டிஸ்ப்ளே: கிரிட், கிரிட்-ரோ: ஸ்பேன் 4 (மேல்பெட்டி, எடை, விவரம், விலை), கிரிட்-டெம்ப்ளேட்-ரோஸ்: சப்கிரிட். வெளி கிரிட்டின் 12 பிக்சல் இடைவெளி உள்ளேயும் வந்துவிடும், அட்டையில் ரோ-கேப்: 4பிக்சல் என்று தனியாகக் கொடுக்க மறந்துராதீரும்.

பொதிகைச்சாரல்

மார்ஜின் ஆட்டோவே போதும் அண்ணாச்சி, விலை எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிட்டது. கடைசியாக ஒன்று. தலைப்பில் "றி", "கி" மேல் உள்ள விசிறி கொஞ்சம் வெட்டுப்படுகிறது.

குறுக்குத்துறை

லைன்-ஹைட் (வரி உயரம்) 1.1 வைத்து, ஓவர்ஃப்ளோ ஹிடனும் போட்டிருப்பீங்க. தலைப்புக்கு 1.5, கீழே உள்ள விவர எழுத்துக்கு 1.7 வைத்துப் பாருங்க. பட்டன்களுக்கு ஹைட் என்று கட்டி வைத்திருந்தால் எடுத்துவிட்டு பேடிங் கொடுங்க. "கூடையில் சேர்" என்பதில் கூவின் வால் அங்கேதான் மாட்டும்.